லெட்டி தாங்கிய சுரம்

இருபத்து மூன்று வருடம். இலோயிலோ துறைமுக நகரில் எங்கள் பங்குக் கோயில் பாடகர் குழுவில் ப்ளோர்டெலிசா கல்யேகோ அவ்வளவு காலமாக ஆல்ட்டோ என்னும் தாழ்குரல் பெண்கள் வரிசையில் ஒரே இடத்தில் நின்றார். அவருக்கு இடப்பக்கம், ஓரத்து இடம், லெட்டி கும்பானுடையது. செப்டம்பரில் மூளையில் ரத்தக் குழாய் வெடித்து லெட்டி இறந்தார்.

ப்ளோர் படகுத்துறையில் டிக்கெட் கொடுப்பவர். குயிமாராஸ் தீவுக்குப் போகும் படகுகளுக்குப் பகலெல்லாம் ஆள் கூப்பிட்டுக் கத்திவிட்டு, மாலையில் வந்து பெண்களிலேயே தாழ்ந்த குரலில் பாடுவார். அந்தத் தொண்டையிலிருந்து இந்தக் குரல் எப்படி வருகிறது என்று ஆண்களின் பாஸ் வரிசையில் நாங்கள் அடிக்கடி பேசிக்கொள்வோம்.

நவம்பரில் இறந்தோர் திருப்பலி. அந்த வருடம் பங்கில் இறந்தவர்களின் பெயர்களைப் பாதிரியார் ஒவ்வொன்றாக வாசிப்பார். வாசித்து முடியும்வரை ஆல்ட்டோ பெண்கள் நால்வரும் ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். எந்த நுரையீரலும் அவ்வளவு நேரம் தாங்காது. அதனால் பக்கத்துப் பக்கத்தில் நிற்பவர்கள் சோடி. ஒருத்தி மூச்செடுக்கும்போது மற்றவள் விடாமல் தாங்குவாள். சுரம் அறுந்தால், அப்போது எந்தப் பெயர் வந்ததோ அந்த வீட்டார் வருடம் முழுக்க அதையே சொல்லி அழுவார்கள். இந்த வருடம் வாசிக்கும் பெயர்களில் லெட்டியும் உண்டு. அந்தச் சுரத்தில் தன் குரல் இருக்க வேண்டும் என்பதைத் தவிர ப்ளோருக்கு வேறு ஆசை இல்லை.

திங்கள்கிழமை ஒத்திகையில் ஓரத்து இடத்துக்குப் புதிதாக மிர்ணா வந்தார். மருந்துக்கடைக்காரர், மணிலாவில் முறையாகக் குரல் பயின்றவர். பாதிரியாருக்குப் பதிலாக யாரோ செய்தித்தாளிலிருந்து பெயர்களை வாசிக்க, நாலாவது பெயரிலேயே சுரத்தில் குழி விழுந்தது. மறுபடி வாசித்தார்கள். மறுபடி குழி.

"மனாங், நான் மூச்செடுக்குற அதே எடத்துல நீங்களும் எடுக்குறீங்க," என்றார் மிர்ணா. வயதில் மூத்த பெண்ணை இங்கே அப்படித்தான் அழைப்போம். "நம்ம என்ன ஒரே டிக்கெட்ல போற பயணிங்களா?"

எல்லாரும் சிரித்தார்கள். ப்ளோரும் சிரித்தார். "நீ எப்ப எடுக்குறேன்னே தெரியலையே. சிலை மாதிரி நிக்கிற."

"தோள் அசையக் கூடாதுன்னு சொல்லிக் குடுத்திருக்காங்க."

லெட்டியின் தோள் அசையும். மூச்செடுத்தால் காதுவரை ஏறும். பாடகர் குழுவை நடத்தும் ருவெல் சார் அதற்காக லெட்டியைத் திட்டாத வருடமில்லை. அந்தத் தோள் ஏறினால் தாங்கு, இறங்கினால் நீ எடுத்துக்கொள் என்று ப்ளோரின் உடம்பு பழகியிருந்தது என்பது அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது. அவருக்கே அன்றைக்குத்தான் தெரிந்திருக்கும்.

புதன்கிழமை இடைவேளையில், வழக்கம்போல, காப்பியோடு ப்ளோர் செய்தி வாசித்தார். துறைமுகத்தில் படகு வராத நேரங்களில் போனில் சேர்த்துவைத்த உலக இசைச் செய்திகள். ஜெர்மனியில் ஒரு இசைக்குழு வேலைநிறுத்தம். யாரோ பழைய வயலினை டாக்சியில் மறந்துவிட்டுக் கண்டெடுத்தார். பிறகு, ஒரு ஓபரா அரங்கில் பாடகிக்குப் பாதியில் குரல் போய்விட, பார்வையாளர்களில் இருந்த ஒரு பெண் மேடையேறி மீதியைப் பாடி முடித்தாள். அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது.

"நம்ம மிர்ணாவுக்கு அப்படி ஒரு வாய்ப்பு வந்தா கடையத் தெறந்து போட்டுட்டு ஓடிடுவா," என்றார் டெனர் வரிசையில் பாடும் ஒருவர்.

"சாவிய உங்கிட்ட மட்டும் குடுக்க மாட்டேன்," என்றார் மிர்ணா.

ப்ளோர் போனை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார். "குரல் போயி எறங்குனாளே அவ, அப்புறம் என்ன பண்ணுனா? வீட்டுக்குப் போனாளா, ஓரமா நின்னு கேட்டாளா? ஒண்ணுமே எழுதலையே."

"அத யாரு மனாங் எழுதுவா," என்றார் டெனர். சொன்ன பிறகு அவருக்கே சங்கடமாகிவிட்டது. பிஸ்கட் தட்டை ப்ளோர் பக்கம் நகர்த்தினார்.

அந்த இரண்டு ஒத்திகையிலும் ப்ளோர் முயன்றார். மூச்செடுக்கும் இடங்களில் மிர்ணா விரலால் ப்ளோரின் கையைத் தொட்டுச் சொல்வதென்று முடிவாயிற்று. தொடுவது தெரியும். ஆனால் அதற்கு முன்பே ப்ளோரின் மூச்சு உள்ளே போயிருக்கும். வெள்ளிக்கிழமை கடைசி ஒத்திகையில் பெயர்கள் பாதிகூட வரவில்லை, சுரம் அறுந்தது.

ருவெல் சார் ப்ளோரை ஆர்கன் இசைப்பெட்டிக்குப் பின்னால் அழைத்துப் போனார். பெட்டி எங்கள் வரிசைக்குப் பக்கத்தில்தான். அங்கே பேசுவது எங்களுக்குக் கேட்கும் என்று அவருக்கும் தெரியும்.

"மனாங், மத்த பாட்டெல்லாம் பாடுங்க. பேர் வாசிக்கிறப்ப மட்டும் வாய அசைச்சாப் போதும். மூணு பேரும் சுத்தி வந்து தாங்கிக்குவாங்க. யாருக்கும் தெரியாது."

"லெட்டி பேருக்கா?"

சார் பாட்டுத் தாள்களை எடுத்து அடுக்கினார்.

"பொய்யா வாய அசைக்க மாட்டேன், சார். வாய மூடிட்டு நிக்கிறேன்."

"ஜனங்க பாப்பாங்களே."

"பாக்கட்டும்."

சனிக்கிழமை கோயில் நிரம்பி வாசல்வரை ஆட்கள். லெட்டியின் கணவரும் மகள்களும் மூன்றாவது வரிசையில் இருந்தார்கள். பெயர்கள் ஆரம்பித்தன. மூன்று பெண்கள் பாடினார்கள். ப்ளோர் கைகளைக் கோத்து, உதட்டை இறுக்கிக்கொண்டு நின்றார். லெடிசியா கும்பான் என்று பாதிரியார் வாசித்தபோது சுரம் கொஞ்சமும் அசையவில்லை. இத்தனை வருடத்தில் இவ்வளவு சுத்தமாக அது வந்ததில்லை. அது ப்ளோருக்கும் கேட்டிருக்கும். நல்ல காது அவருக்கு.

திருப்பலி முடிந்ததும் லெட்டியின் மூத்த மகள் ஓடிவந்து ப்ளோரைக் கட்டிக்கொண்டாள். "அம்மா பேரு வந்தப்ப எவ்வளவு அழகா இருந்துச்சு, தீத்தா. ரொம்ப நன்றி." தீத்தா என்றால் இங்கே அத்தை.

"ஆமா," என்றார் ப்ளோர். "நல்லாப் பாடினாங்க."

பாடல் ஏட்டை மிர்ணாவிடம் கொடுத்துவிட்டு, அங்கியைக் கழற்றி மடித்து அலமாரியில் வைத்தார். விருந்துக்கு நிற்கவில்லை.

திங்கள்கிழமை கிறிஸ்துமஸ் பாடல்களுக்கான ஒத்திகை தொடங்குகிறது. ஆல்ட்டோ வரிசைக்கு ஆள் தேவை என்று கோயில் வாசலில் ருவெல் சார் எழுதி ஒட்டியிருக்கிறார்.