“கக்கூஸ் நானா” என்று சிரித்தவர்களுக்கு

ரவூப் நானா நேற்று போய்விட்டார். சுபஹ் தொழுதுவிட்டு உட்கார்ந்தவர் எழும்பவில்லையாம்... அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கமும் முடிந்துவிட்டது.

ஹட்டன் ரோட்டில் நீர்வீழ்ச்சி தெரியும் வளைவில் இறங்கி போட்டோ எடுத்தவர்களுக்கு அவருடைய சில்லறைக் கடை ஞாபகம் இருக்கும். அதற்கு எதிரே டீ விற்கிறவள் நான்.

அழுதுகொண்டே எழுத வேண்டிய போஸ்ட் இது. எனக்குக் கோபம்தான் வருகிறது.

காரணம் அந்த பேனர். நேற்றுப் பகலே நம் பிரதேச வர்த்தகச் சங்கம் கடை வாசலில் கட்டிவிட்டது. நானாவின் படம், “சுற்றுலாத்துறையின் தூண்” என்று ஒரு வரி, கீழே அவர் முகத்தைவிடப் பெரிதாகச் சங்கத்தின் லோகோ.

எங்கே கட்டியிருக்கிறார்கள் தெரியுமா? நானா தன் கையால் பெயின்ட் அடித்த போர்டை மறைத்து, அதன் மேலேயே. “கக்கூஸ் பின்னால் இருக்கிறது, யாரும் போகலாம்” என்று மூன்று மொழியிலும் எழுதிய போர்டு...

நான் கடை போட்ட புதிதில் ஒரு நாள் நானா ரோட்டைத் தாண்டி வந்து ரொம்ப சீரியஸாகக் கேட்டார். “தங்கச்சி, நானும் பாத்துக்கிட்டே இருக்கேன். ஊருக்கே டீ ஊத்துறீங்க, நீங்க ஒரு வாய் குடிக்கிறல்லயே. அப்படி என்னத்தப் போடுறீங்க அதுல?”

எனக்குச் சிரிப்பும் வந்தது, வெட்கமும் வந்தது. ஒரு ஆம்பிளையிடம் எப்படிச் சொல்வது? “கேஸ்ட்ரிக்குங்க நானா” என்று சமாளித்தேன்.

மறுநாள் இஞ்சியும் தேனும் கொண்டு வந்து வைத்தார். சுடுதண்ணீரில் கலந்து நிறையக் குடிக்கச் சொல்லி...

விஷயம் வேறு. அந்த வளைவில் கடை போட்டிருக்கும் பெண்கள் யாரும் காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டோம். குடித்தால் போவதற்கு இடமில்லை.

முன்பெல்லாம் தேயிலைக்குள் ஏறி ஒதுங்குவோம், அட்டை கடித்தாலும் பரவாயில்லை என்று. டூரிஸ்ட்காரர்கள் ட்ரோன் விடத் தொடங்கிய பிறகு அதுவும் போச்சு.

சோளம் அவித்து விற்கும் மேரி அக்கா சிறுநீரில் கிருமி ஏறி, காய்ச்சலோடு ஆஸ்பத்திரியில் கிடந்தார். பார்க்கப் போன நானாவின் மனைவியிடம்தான் (எங்களுக்கு அவர் ராத்தா) அக்கா முதல் தடவையாக எல்லாவற்றையும் சொன்னார்.

அன்று சாயங்காலம் நானா வந்தார். கடை ஆட்களுக்கு மட்டும் இருந்த பின்பக்கத்துக் கக்கூஸின் சாவியை என் டீ மேசையில் வைத்தார்.

“வெக்கமாப் போச்சு தங்கச்சி. நான் இஞ்சி கொண்டாந்து தந்திருக்கேனே...”

அந்த வாரமே போர்டு வந்தது, சாவி யாரும் எடுக்கும்படி அவர் கடை வாசல் ஆணியில் தொங்கியது. அடுத்த மாதம் வர்த்தகச் சங்கத்தில் மெம்பராகவும் சேர்ந்தார், இதற்காகவே. மீட்டிங்குக்கு மீட்டிங் ஒன்றைத்தான் கேட்டார். இந்த வளைவில் பெண்களுக்கு ஒரு கக்கூஸ்.

சங்கம் ஒன்றுமே செய்யவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். லோகோ போட்ட பெரிய குடைகள் தந்தார்கள், மழைக்கு நல்லது. ஊர் பெயரை ஆள் உயர எழுத்தில் நிறுத்தி, லைட் போட்டு, செல்ஃபி எடுக்க மேடை கட்டினார்கள்.

விருந்தோம்பல் ட்ரெய்னிங்கும் வைத்தார்கள். வெள்ளைக்காரர் வந்தால் எப்படிச் சிரிப்பது என்று கொழும்பிலிருந்து ஒரு மிஸ் வந்து சொல்லிக்கொடுத்தார். அடக்கிக்கொண்டு சிரிப்பது எங்களுக்கு முன்பே வரும் மிஸ்.

சீசனில் நானாவின் கடையில் அரிசி பருப்பு வாங்குகிறவர்களைவிட அந்தக் கதவுக்கு நிற்கிறவர்கள்தான் அதிகம். பைப்பில் தண்ணீர் வராத நாளில் அந்த வயதில் ஓடையிலிருந்து வாளி தூக்குவார். ஊருக்கு வரும் டூரிஸ்ட் எல்லாருக்கும் ஒரு மனுசனின் ஒற்றைக் கக்கூஸ்!

மீட்டிங் நடப்பது நுவரெலியாவில் பெரிய ஹோட்டலில். ஒரு தடவை போய்விட்டு வந்து சொன்னார். “அங்க கக்கூஸ்ல பூச்சாடி வெச்சிருக்காங்க தங்கச்சி. அந்தப் பூச்சாடி வெக்கிற எடம் போதும் எங்களுக்குன்னு சொன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க.”

சிரித்ததோடு விடவில்லை. “கக்கூஸ் நானா” என்று பட்டப்பெயரும் வைத்தார்கள். நானா அதை எங்களிடம் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். எனக்கு ஒரு நாளும் சிரிப்பு வந்ததில்லை.

நேற்று மையத்து வீட்டில் சங்கத் தலைவர் என்னைக் கண்டு பக்கத்தில் வந்தார்.

“பெரிய இழப்பும்மா. டூரிசத்துக்கு அவர் செஞ்ச சேவைய நாங்க மறக்க மாட்டோம்.”

“அந்தக் கக்கூஸ் என்னங்க சேர் ஆச்சு?”

“இப்ப அதப் பேசுற நேரமாம்மா?”

“அவர் இருந்தப்பவும் இதையேதானுங்க சொன்னீங்க.”

அடிக்காத ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

நான் கிளம்பும்போது ராத்தா கூப்பிட்டு அந்தச் சாவியை என் கையில் திணித்தார். “கட எப்ப தொறக்குறதுன்னு தெரியாது. அது மட்டும் பூட்டிக் கெடக்கக் கூடாது, தங்கச்சி.”

இன்று காலை நான் அடுப்பைப் பற்ற வைக்கும்போதே ஒரு வேன் வந்து நின்றது. மாசமாக இருந்த ஒரு பெண் இறங்கி, நானாவின் கடையை மேலும் கீழும் பார்த்துவிட்டு, என்னிடம் வந்து சிங்களத்தில் கக்கூஸ் எங்கே என்று கேட்டாள்.

போர்டு இருந்த இடத்தில் உங்கள் பேனர்...

அவளைச் சாவியோடு அனுப்பிவிட்டு, கத்தியை எடுத்துக்கொண்டு போய் பேனர் கயிற்றை அறுத்தேன். சங்கத்துக்காரர்கள் இதைப் படிப்பீர்கள். யாரையும் விசாரிக்க வேண்டாம், அறுத்தது நான்தான். மடித்து என் கடையில் வைத்திருக்கிறேன், வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.

நிம்மதியாகப் போங்க நானா. இன்றைக்கு முதல் டீயை நான்தான் குடித்தேன்... இஞ்சி போட்டு.