சர்க்கரை சொல்லாத டப்பா

எங்கள் பழச்சாறு ஆலையில் பசையக்காவைத் தெரியாதவர் கிடையாது. டப்பாக்களுக்கு லேபிள் ஒட்டுகிறவர். அம்மா போனபிறகு தம்பியைத் தூக்கி வளர்த்து, படிக்கவைத்து, அதே ஆலையில் சாறு காய்ச்சும் அறையில் வேலைக்குச் சேர்த்துவிட்டதும் அவர்தான். தனக்கென்று ஒரு கல்யாணம் காட்சி பார்த்துக்கொள்ளவில்லை. கேட்டால், "ஆண்டவன் எனக்குப் பெறாமலே ஒரு பிள்ளையக் குடுத்துட்டான்" என்பார். நான் பழம் கழுவும் தொட்டியில், அவருக்கு எதிரே நிற்பவள். அதனால் எல்லாம் என் கண்ணெதிரே நடந்தது.

எங்கள் ஆலையில் சாற்றைக் காய்ச்சிக் கெட்டியாக்கி, டப்பாவில் அடைத்து உறையவைப்பார்கள். வாங்குகிறவர் வீட்டில் தண்ணீர் கலந்து குடிப்பார். உறைந்த டப்பாவின்மேல் பனி பூத்துவிடும், பசை பிடிக்காது. ஆகவே காலி டப்பாவிலேயே லேபிளை ஒட்டிவிடவேண்டும். உள்ளே என்ன வரப்போகிறது என்பதைக் காய்ச்சுகிற ஆள்தான் முன்கூட்டியே சொல்லவேண்டும்.

அக்காவின் இரண்டு பக்கமும் இரண்டு கட்டு லேபிள் இருக்கும். ஒன்றில் பழத்தின் பெயர் மட்டும். மற்றதில் பெயருக்குப் பக்கத்திலேயே, கண்ணில் படுகிற எழுத்தில், 'சர்க்கரை சேர்த்தது' என்று போட்டிருக்கும். சட்டம் அப்படி. தம்பி சுவரிலுள்ள சன்னல் வழியாக, "சும்மா!" என்றோ "சர்க்கரை!" என்றோ குரல் கொடுப்பான். அதற்குத் தக்கபடி அக்கா ஒட்டுவார்.

ஒருநாள் காலையில் தம்பி "சும்மா!" என்று கத்தினான். அக்கா ஒட்டி முடித்து, சாறு அடைக்க டப்பாக்களை உள்ளே அனுப்பிவிட்டார். பிறகு வந்த பழம் வாயில் வைக்கமுடியாத புளிப்பு. சர்க்கரையைக் கொட்டிக் கலக்கினான். அதைச் சொல்லவேண்டும் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. தனக்குப் புதிதாகப் பிறந்த பிள்ளையின் படத்தைக் கைபேசியில் ஊரெல்லாம் காட்டிக்கொண்டிருந்தான்.

டப்பாக்கள் கடைக்குப் போய்விட்டன. யாரோ சர்க்கரை வியாதிக்காரர் வாங்கிக் குடித்து மயங்கி விழுந்தார். பிழைத்துக்கொண்டார், ஆண்டவன் புண்ணியம். உணவு ஆய்வு அதிகாரியம்மா ஆலைக்கு வந்தார்.

"சர்க்கரை போட்டது குத்தமில்ல. போட்டதைச் சொல்லாததுதான் குத்தம். யாரோட தப்பு இது?" என்று கேட்டார்.

மேலாளர் முகம் சிவந்து எங்கள் பக்கம் திரும்பினார். "சொல்லுங்கப்பா! தப்புப் பண்ணினவங்க இன்னையோட வீட்டுக்குப் போகலாம்."

தம்பி தரையைப் பார்த்தான். பிறகு அக்காவைப் பார்த்தான். சின்ன வயதில் கண்ணாடி டம்ளரை உடைத்துவிட்டு அப்படித்தான் பார்த்திருப்பான்.

"அவன் சரியாத்தான் சொன்னான். நான்தான் கட்டு மாத்தி எடுத்துட்டேன்" என்றார் அக்கா. "கண்ணு கொஞ்சம் மங்கலா இருக்குங்க."

ஊசியில் நூல் கோக்க நாங்களெல்லாம் அவரிடம்தான் போவோம். வாயைத் திறக்கப்போனேன். அக்கா என் கையைப் பிடித்து அழுத்தினார்.

பழைய ஆள் என்று வேலையை விட்டு நீக்கவில்லை. பசையிலிருந்து எடுத்து என் தொட்டிக்கு அனுப்பினார்கள். நாளெல்லாம் தண்ணீரில் கை. விரல் இடுக்கெல்லாம் புண். "பசைய விட்டு வந்தும் பசையக்கான்னுதான் கூப்பிடுறாங்க. பேருதான் நல்லா ஒட்டியிருக்கு" என்று சிரிப்பார். தம்பி வந்து ஒரு வார்த்தை சொல்வான் என்று காய்ச்சும் அறையின் கதவையே பார்த்துக்கொண்டிருப்பார். வேறொன்றும் அவர் எதிர்பார்க்கவில்லை. 'நன்றிக்கா' என்றுகூட வேண்டாம், 'தெரியும்க்கா' என்றால் போதும் அவருக்கு.

ஒருநாள் வந்தான். எங்களிடம் அல்ல, புதிதாக லேபிள் ஒட்ட வந்த பெண்ணிடம்.

"பாத்து ஒட்டுங்கம்மா. எங்கக்கா கண்ணு தெரியாம கவுத்துட்டாங்க. ஆலைக்கே கெட்ட பேரு."

அவன் முகத்தில் நடிப்பு இல்லை. பல பேரிடம் சொல்லிச் சொல்லி அவனே நம்பிவிட்டிருந்தான்.

திரும்பிப் போகிறபோதுதான் அக்காவைப் பார்த்தான். "என்னக்கா, பிள்ளையப் பாக்க வீட்டுப் பக்கமே வரமாட்டேங்குற? உன் மருமகன்க்கா!"

அக்கா ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டார். "கண்ணு தெரியாதவ கையில பிள்ளையக் குடுப்பியாடா?"

குத்திக் கேட்ட கேள்வி. இப்போதாவது உறைக்கும், தலை குனிவான் என்று நினைத்தேன். அவனோ நிஜமான கவலையோடு யோசித்தான்.

"நீ கீழ உக்காந்துட்டு வாங்கிக்கோக்கா. பக்கத்துல நாங்க பிடிச்சுக்கறோம், பயப்படாத" என்றான்.

"சரிடா, போ, வேலையப் பாரு" என்று அனுப்பிவிட்டு அக்கா தொட்டிக்குள் கையை விட்டார்.