பின்னால் வைத்த புகைபோக்கி

1. முதல் நாள் ரொட்டி

ராயபுரத்தில் ஒரு வீட்டுப் பின்கட்டில் நான் கட்டிக்கொடுத்த அடுப்பிலிருந்து முதல் ரொட்டி வெளியே வந்த காலையை நான் மறக்கவில்லை. அடி கருகியிருந்தது. மேலே வெளுத்துக் கிடந்தது. பிட்டுப் பார்த்தால் உள்ளே மாவு பசையாக விரலில் ஒட்டியது. நாற்பது ரொட்டியும் அப்படித்தான். ஏழு மணிக்கு அவை கான்வென்ட் விடுதிக்குப் போயிருக்க வேண்டும்.

இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகள் நான் கட்டிய நல்ல உலைகளைப் பற்றித்தான் கேட்கிறார்கள். கெட்டுப்போன ஒன்றைச் சொல்வதுதான் அவர்களுக்குப் பிரயோஜனம் என்று இதை எழுதுகிறேன்.

2. மூன்று வழிகள்

யுத்தம் முடிந்து சில வருடம் ஆகியிருந்தது. நான் பேசின் பிரிட்ஜ் பக்கம் ஒரு கம்பெனியில் பாய்லர் உலைக்குள் சூடு தாங்கும் பயர் பிரிக் செங்கல் அடுக்கும் மேஸ்திரி. ஞாயிற்றுக்கிழமைகளில் வெளிவேலை பார்ப்பேன். அப்படி என்னைக் கூப்பிட்டவர் சேவியர். இருபது வருடம் கப்பல்களில் ரொட்டி போட்டவர். கரிப்புகை நெஞ்சில் இறங்கி, இனி கப்பல் ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால் வீட்டோடு இருந்தார். அவர் மனைவி ஃபிலோமினா விடுதி சிஸ்டரிடம் நடையாக நடந்து தினம் நாற்பது ரொட்டிக்கு ஆர்டர் வாங்கியிருந்தார். ஒரு வாரம் பார்ப்பார்கள், பிடித்தால் நிரந்தரம். இரண்டு பெண் குழந்தைகள். அடுப்பு சரியாக வேலை செய்தால்தான் அந்த வீட்டில் சோறு.

பின்கட்டு அடுப்புக்கு மூன்று வழி உண்டு. காலி தார் டிரம்மைப் படுக்கப்போட்டு மேலே மண் பூசுவது ஒன்று. செலவு குறைவுதான், ஆனால் நம் கடல் காற்றுக்கு இரும்பு ஒரு வருடம் தாங்காது. இரண்டு பக்கமும் சுவர் எழுப்பி மேலே வளைவு போடுவது இன்னொன்று. பெரிய பேக்கரிக்கு அது சரி. ஆனால் வளைவு பக்கச்சுவரை வெளியே தள்ளும், முட்டுக் கொடுக்க இடம் வேண்டும். மூன்றாவது கும்மட்டம். ஈர மணலைக் குவித்து, அதன்மேல் செங்கல்லைக் களிமண்ணால் ஒட்டி, காய்ந்ததும் வாய் வழியாக மணலை அள்ளிவிட வேண்டியது. சின்ன இடம் போதும், உள்ளே சூடு எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி திரும்பும். சிமென்ட் சேர்க்கக் கூடாது, சூட்டில் வெடிக்கும். தரைக்கு அடியில் உடைந்த பாட்டிலும் கல்லுப்பும் மணலும் ஒரு முழத்துக்கு நிரப்பினால் சூடு பூமியில் இறங்காது.

கும்மட்டம் என்று முடிவானது. அதுவரை எனக்கும் சேவியருக்கும் ஒரே பேச்சு. புகைபோக்கியில்தான் முட்டிக்கொண்டது.

"பொகபோக்கிய வாய்க்கு மேல, வெளிய வை நைனா. பின்னால ஓட்ட போட்டியின்னா சூடு அப்டியே பூடும்" என்றார்.

"இன்னாண்ணே, நான் பாய்லருக்கே உலை கட்றவன். முன்னால வெச்சா பொக உன் மூஞ்சிலதான் அடிக்கும்" என்றேன்.

அவருக்கு மூச்சு வாங்கியது. மேலே வாதாட முடியாமல் கட்டிலுக்குப் போய்விட்டார். நான் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன். புகைபோக்கியைப் பின்பக்கம் வைத்து, திறந்து மூட ஒரு டாம்பர் தகடும் போட்டேன்.

3. தப்பு எங்கே

பாய்லரில் நெருப்பு அணையாது. சூடு முன்னாலிருந்து பின்னால் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், அதனால் புகைபோக்கி பின்னால். ரொட்டி அடுப்பு வேறு ஜாதி. விறகை எரித்து, தணலை வெளியே வாரி, வாயை மூடிவிடுகிறோம். செங்கல் குடித்து வைத்திருக்கிற சூட்டில்தான் ரொட்டி வேகிறது. புகைபோக்கி வாய்க்கு வெளியே நெற்றியில் இருந்தால், கதவை மூடியதும் கும்மட்டத்தில் ஒரு ஓட்டையும் மிஞ்சாது. இதை எனக்கு அன்றைக்கு யாரும் சொல்லவில்லை என்று சொல்ல முடியாது. சேவியர் சொன்னார், நான் கேட்கவில்லை.

மண் காய்வதற்குச் சின்னச் சின்ன நெருப்புப் போட்டபோது டாம்பர் ஒழுங்காக மூடியது. முதல் நாள் சவுக்குக் கட்டை மூன்று மணி நேரம் எரிந்ததில் தகடு நெளிந்துவிட்டது. மூடவில்லை. சூடு முழுக்கப் பின்னால் போய்விட்டது.

வெளுத்த ரொட்டியைப் பார்த்த சேவியர் என்னைத் திட்டவில்லை. ஈரக் கோணியைப் பின் ஓட்டையில் அடைக்கச் சொன்னார். அடைத்தேன். வாய் ஓரமாகத் திரும்ப நெருப்பு மூட்டினார். போக வழியில்லாத புகை அத்தனையும் வாய் வழியாகத் திரும்பி வந்தது. ரொட்டி திருப்பும் துடுப்பை என்னிடம் கொடு என்று கையை நீட்டினேன்.

"தள்ளு. எது வெந்துச்சு, எது வேவலைன்னு உனுக்குத் தெரியாது."

ஒன்றரை மணி நேரம் அந்தப் புகைக்கு முன்னால் குந்திக்கொண்டு ஒவ்வொரு ரொட்டியாகத் திருப்பினார். இருபத்திரண்டு தேறியது. எழுந்தபோது தோளில் கிடந்த துண்டில் ரத்தம் இருந்தது. ஃபிலோமினா அந்தத் துண்டை வாங்கி மடித்து வைத்துவிட்டு, கூடையைத் தூக்கிக்கொண்டு விடுதிக்குப் போனார். என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

4. திங்கட்கிழமை

சிஸ்டர் இரக்கப்பட்டு அடுத்த திங்கட்கிழமை வரை தவணை கொடுத்திருந்தார். அன்றைக்கும் இப்படியென்றால் வேறு இடம் பார்த்துக்கொள்வார்களாம். நான் கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டுப் பின்பக்கத்தை இடித்து அடைத்தேன், வாய்க்கு மேல் புதுப் புகைபோக்கி எழுப்பினேன். களிமண்ணை அவசரப்படுத்தினால் விரிசல் விடும். நாலு நாள் கைப்பிடிச் சுள்ளியாகப் போட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்து காயவைத்தேன். சேவியர் கட்டிலை விட்டு எழவில்லை. அவர் சொல்வதை ஃபிலோமினா வந்து எனக்குச் சொல்வார். கும்மட்டத்தின் உள்பக்கம் முதலில் கரியாகும், அந்தக் கரி எரிந்து செங்கல் வெளுக்கிற வரைக்கும் நெருப்பைக் குறைக்காதே என்பார். தணலை வாரியதும் கையை உள்ளே நீட்டி, பத்து எண்ணுவதற்குள் சுட்டால் பொறுத்திரு என்பார். இந்தத் தடவை ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை.

திங்கட்கிழமை காலை நாற்பதும் பொன்னிறமாக வந்தன. ஃபிலோமினா ஒன்றைத் துணியில் சுற்றிக் கட்டிலுக்குக் கொண்டுபோனார். சேவியர் அதைக் கவிழ்த்து, அடியில் விரல் முட்டியால் தட்டி, காதருகே வைத்துக் கேட்டார்.

"வெந்துகீது. அனுப்பு" என்றார்.

நான் தலைமாட்டில் நின்றேன். "அன்னிக்கே உன் பேச்சக் கேட்டிருக்கணும்ணே" என்றேன். அவர் என் கையைப் பிடித்து, அந்த ரொட்டியில் பாதியை வைத்தார்.

ஆர்டர் நிரந்தரமானது. அந்த மழைக்காலம் முடிவதற்குள் சேவியர் இறந்துபோனார். பழைய கரிப்புகைதான் காரணம், ஒருநாள் புகையால் ஆகிற காரியமில்லை என்றார் டாக்டர். ஃபிலோமினா என்னை ஒரு வார்த்தை கேட்டதில்லை. அந்த ஒன்றரை மணி நேரம் சேவியர் ஆயுளில் எத்தனை நாளைத் தின்றது என்று எனக்குத் தெரியாது. தெரியாதது ஆறுதலாகவும் இல்லை.

அதற்குப் பிறகு நான் எத்தனையோ உலை கட்டிவிட்டேன். நூல் பிடிப்பதற்கு முன்னால், இதன் வாயில் தினமும் நிற்கப்போகிற ஆள் யார் என்று கேட்பேன். முதலாளியோ என்ஜினியரோ வந்தால் காத்திருக்கச் சொல்வேன். அந்த ஆள் வந்து, நான் நிற்க வேண்டிய இடம் இது, எனக்கு வேண்டியது இது என்று சொல்லி முடிக்கிற வரைக்கும் ஒரு கல்லையும் தொடமாட்டேன்.