மிதிபெட்டிக்கு அடியில்

மிதிபெட்டியின் துருத்தி விரியும்போது எலிப்புழுக்கையும் பழைய தோலும் கலந்த ஒரு நெடி மேலே வரும்; கச்சேரி மேடையில் மெருகு மணக்கும் பியானோவின் முன் உட்காரும்போதுகூட என் மூக்கு முதலில் தேடுவது அந்த நெடியைத்தான்.

தமிழ்நாட்டு அகதி முகாமிலிருந்து எங்கள் கடற்கரை ஊரான வங்காலைக்குத் திரும்பியபோது எனக்கு ஏழு வயது. சண்டையில் பாதிக் கூரையை இழந்து நின்ற வேதக் கோயிலில் தப்பிக் கிடந்த ஒரே சாமான் அந்தக் கால் ஆர்மோனியம், எங்கள் வாயில் "மிதிபெட்டி". முகாமின் செபக் கூட்டங்களில் கைப்பெட்டி ஆர்மோனியத்தைத் தடவிப் பழகியிருந்த நான் ஒருமுறை கேட்ட பாட்டை அப்படியே வாசித்துவிடுவேன். ஆனால் மிதித்தால்தான் காற்று, காற்று வந்தால்தான் சத்தம், என் காலோ மிதிபலகைக்கு எட்டாது. அதனால் அப்பா, கடலிலிருந்து வந்தபோது இடுப்பில் கட்டியிருந்த அதே ஈரச் சாரத்தோடு அடியில் குந்தியிருந்து, இரண்டு கையாலும் பலகைகளை மாறி மாறி அமுக்குவார். பாட்டு ஏறும்போது வேகமாகவும் இறங்கும்போது மெதுவாகவும் அமுக்க அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை. "நீ வாசி பிள்ளை, காத்துக்கு நான் இருக்கிறன்" என்பார்.

கொழும்பிலிருந்து ஓர் இசைப்பள்ளியைச் சேர்ந்தவர்கள் பிள்ளை தேடி வந்தார்கள். இருந்தது ஒரேயோர் இடம். மற்ற ஊர்ப் பிள்ளைகளையும் பார்த்துவிட்டுத்தான் எங்களிடம் வந்தார்கள். அப்பாவின் சாரம் தெரியாதபடி, "பாக்க வடிவா இருக்கட்டும்" என்று கன்னியர் மடத்துச் சிஸ்டர் பெட்டியைச் சுற்றிப் பீடத்து வெள்ளைத் துணியைக் கட்டினார். எனக்கு அது பிடித்திருந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

வாசித்து முடித்தேன். கைதட்டல் ஓய்ந்த நேரம் பார்த்துக் கீழேயிருந்து ஓர் இருமல். இசைப்பள்ளியிலிருந்து வந்தவர்களில் ஓர் அம்மா சிரித்துக்கொண்டே, "கீழே யாராவது இருக்காங்களா மகள்?" என்று கேட்டார். தனியே வாசிக்கத் தெரியாதவள் என்று இடத்தை வேறு பிள்ளைக்குக் கொடுத்துவிடுவார்களோ என்று பயந்தேன். பயம் மட்டும்தான் என்று சொன்னால் அதுவும் பொய். மீன் நாறும் சாரத்தோடு அப்பா அந்த வெள்ளைத் துணியை விலக்கி ஊர்ந்து வருவதை நினைக்கவே எனக்கு வெட்கமாக இருந்தது, சீ!

"ஒருத்தருமில்லை. பெட்டிதான் அப்பிடி இருமும்."

எல்லோரும் சிரித்தார்கள். "அப்பா எங்கே?" என்றார் அந்த அம்மா. "கடலுக்குப் போயிட்டார்" என்றேன். சிஸ்டர் குனிந்து வெள்ளைத் துணியின் சுருக்கத்தை நீவிவிட்டார்.

பிறகு பேச்சுகள், தேத்தண்ணி, ரோல்ஸ், படமெடுப்பு எல்லாம் நடந்தன. அடியில் ஓர் அசைவும் இல்லை. அவர்களின் வான் வண்டி போனதும் ஓடிவந்து துணியைத் தூக்கினேன். அப்பா முழங்காலைக் கட்டிக்கொண்டு, சாரத்து நுனியை வாய்க்குள் திணித்தபடி இருந்தார். கண்ணெல்லாம் தண்ணீர்.

"போயிட்டினமே?"

"ஓம்."

"இடம் தந்தவையே?"

"ஓம் அப்பா."

"அப்ப சரி. கையைக் குடு பிள்ளை, கால் விறைச்சுப் போச்சு."

பத்து வயதில் கொழும்பு மேடை, பதின்மூன்றில் வெளிநாடு. "யார் துணையுமின்றித் தானாகவே வளர்ந்த அதிசயப் பிள்ளை" என்று பத்திரிகைகள் எழுதியபோதும் நான் திருத்தவில்லை. அப்பா அதையும் வெட்டி அலுமாரிக் கதவில் ஒட்டிவைத்தார். அன்றைய பொய்யைப் பற்றி அவர் ஒரு சொல் கேட்டதில்லை; கேட்டிருந்தால் அழுதாவது தீர்த்திருப்பேன்.

இப்போது கோயிலுக்குப் புதுக் கூரை, காற்றே வேண்டாத மின்சாரக் கீபோர்ட். மிதிபெட்டியைக் கறையான் தின்றுவிட்டது. முந்தின வருடம் அப்பாவும் போய்விட்டார். அன்றைக்குக் கேட்ட அந்த அம்மா எங்கே இருக்கிறாரோ தெரியாது. கேட்டதற்குப் பதிலை இப்போதுதான் சொல்கிறேன்.

ஓம் அம்மா, கீழே ஆள் இருந்தது. என்ர அப்பா.