பத்து பாட்டில் ஆப்பிள் ஒயின்

தேவதாஸ் வேலை முடிந்து வந்தால் சட்டென்று வீட்டுக்குள் நுழைந்துவிட மாட்டார். செருப்பைக் கழற்றிவிட்டு வாசலிலேயே நிற்பார். உள்ளேயிருந்து அவர் மனைவி அமலோற்பவம் ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வருவாள். அவள் முகத்துக்கு நேரே குனிந்து "ஹா" என்று ஊதிக் காட்டுவார். "டீ வாடதான் வருது, உள்ள வாங்க" என்பாள். அதற்கப்புறம்தான் வாசற்படியைத் தாண்டுவார்.

முதலில் அது அவள் போட்ட சட்டம். ஒரு வருடம் நிஜமாகவே மோந்து பார்த்தாள். பிறகு அது விளையாட்டாகிவிட்டது. அவள் குளித்துக்கொண்டிருந்தால்கூட மனுஷன் வாசலில் காத்திருப்பார். "யாரும் இல்லியா, செக்கிங் பண்ண?" என்று குரல் கொடுப்பார். முதலியார்பேட்டையில் அந்தச் சந்து முழுக்க இதைப் பார்த்துச் சிரிக்கும். அவளும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். மூன்று வருடம் எட்டு மாதம் ஒரு நாள்கூட அவர் ஊதாமல் உள்ளே வந்ததில்லை.

அதற்கு முந்திய தேவதாஸ் வேறு ஆள். இளவட்டமாக இருந்தபோது ஒரு சோடா கம்பெனியில் பாட்டிலுக்கு கேஸ் ஏற்றும் மெஷினில் நின்றவர். ஒரு நாள் பாட்டில் வெடித்ததில் இவருக்கு இடது புருவம் கிழிந்தது. பக்கத்தில் நின்ற சக்கரபாணிக்கு ஒரு கண்ணே போய்விட்டது. கம்பெனி மூடிய பிறகு கிடைத்த வேலையெல்லாம் செய்தார், கிடைத்ததையெல்லாம் குடித்தார். எங்கள் ஊரில் குடிக்க நினைப்பவன் வழி கேட்க வேண்டியதில்லை. குடிக்காமல் வீடு போய்ச் சேர நினைப்பவன்தான் சுற்றுவழி தேட வேண்டும். மகள் இனியா கல்லூரி ஆண்டு விழாவில் பரிசு வாங்கப் போனபோது, இவர் போதையில் அவளுக்கு முன்னால் மேடையேறி அந்தக் கோப்பையை வாங்கிக்கொண்டு கும்பிடு போட்டார். ஒரு மாதம் அந்தப் பெண் அப்பாவோடு பேசவில்லை. கடைசியில் வில்லியனூர் மாதா கோயில் குளக்கரையில் மகள் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தார். கொரோனா வந்து சாராயக்கடைகளை அடைத்தபோது ஊரில் பாதி ஆண்கள் பைத்தியம் பிடித்தது போல அலைந்தார்கள். தேவதாஸ் வீட்டில் உட்கார்ந்து பூண்டு உரித்தார்.

அமலோற்பவமும் தன் பங்குக்கு ஒரு சத்தியம் செய்திருந்தாள். கடை பாட்டில் எதுவும் இந்த வாசற்படி ஏறக்கூடாது. கிறிஸ்துமஸுக்குத் தெருவே திராட்சை ஒயின் போடும். அதையும் மூன்று வருடமாக நிறுத்தியிருந்தாள்.

இனியாவுக்கு வரன் அமைந்ததில்தான் எல்லாம் ஆரம்பித்தது. மாப்பிள்ளை வீடு பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பிரான்சு பென்ஷன் வாங்கும் குடும்பம். மாப்பிள்ளையின் அம்மா மதாம் செலின் நல்ல மனுஷிதான், ஆனால் ஒன்றைச் சொல்லிவிட்டுப் போனாள்: "நிச்சயத்துக்கு ஒரு பாட்டில் சாம்பெயின் ஒடைக்கணும். எங்க வழக்கம். மத்தது உங்க இஷ்டம்." அன்றைக்கு அமலோற்பவத்துக்குச் சோறு இறங்கவில்லை. சத்தியத்தையும் விடக்கூடாது, சம்பந்தி முகமும் சுருங்கக் கூடாது.

அவள் வேலை பார்த்தது ஒரு சூப்பர் மார்க்கெட்டில். தேதி முடியப் போகும் ஜூஸ் டப்பாக்களை வேலைக்காரர்களுக்குப் பாதி விலைக்குக் கொடுப்பார்கள். ஆப்பிள் ஜூஸில் வீட்டிலேயே பொங்கும் ஒயின் போடலாம் என்று யாரோ போனில் செய்து காட்டியதை அவள் பார்த்திருந்தாள். ஜூஸ்தானே, கடை பாட்டில் இல்லையே என்று தனக்குத்தானே நியாயம் சொல்லிக்கொண்டாள். ஆனாலும் புருஷனிடம் கேட்டாள்.

"வூட்ல வச்சிருந்தா உங்களுக்கு ஒண்ணும் ஆவாதே?"

"பாட்டில பாத்தா எனக்கு சோடாதான் ஞாபகத்துக்கு வரும்" என்று சிரித்தார் தேவதாஸ். "போடு. நானும் கூட நிக்கறேன்."

முதல் தடவை எட்டு நாளாகியும் ஒரு குமிழிகூட வரவில்லை. தேவதாஸ்தான் டப்பாவின் பின்பக்கத்தைக் கண்ணாடி போட்டுப் படித்துவிட்டு, கெட்டுப்போகாமல் இருக்க இதில் மருந்து போட்டிருக்கிறான், இதில் ஈஸ்ட் பிழைக்காது என்றார். மருந்து போடாத ஜூஸாகப் பார்த்து அடுத்து வாங்கினாள். தண்ணீர் கேனில் ஊற்றி, சர்க்கரையும் பேக்கரி ஈஸ்டும் கலந்து, கேன் வாயில் பலூன் கட்டி, அதில் ஊசியால் ஒரு துளை. மறுநாள் காலை பலூன் நிமிர்ந்து நின்றது. புருஷனும் பெண்டாட்டியும் அதைப் பார்த்துச் சின்னப் பிள்ளைகள் போலக் கைதட்டினார்கள். அந்த மூன்று வாரம்தான் அவர்கள் குடித்தனத்திலேயே நல்ல காலம் என்று அவள் இன்றைக்கும் சொல்கிறாள்.

நுரை அடங்கி ஒயின் தெளிந்ததும், கம்பிப் பூட்டு வைத்த கண்ணாடி பாட்டில்கள் பத்தில் அதை நிரப்பினார்கள். ஃப்ரிட்ஜில் தண்ணீர் வைக்கும் பாட்டில்கள் அவை. அடைக்கும்போது கொஞ்சம் சர்க்கரை போட்டால்தான் உள்ளே மறுபடி கேஸ் பிறக்கும், திறக்கையில் பொங்கும். "ஒரு பாட்டிலுக்கு ஒரு சின்ன ஸ்பூன். அதுக்கு மேல வேணாம். இது சோடா பாட்டில் மாதிரி கனமில்ல" என்று சொல்லி, தேவதாஸ் தானே அளந்து போட்டார். தவளக்குப்பத்தில் ஒரு கோடவுனுக்கு அவர் நைட் வாட்ச்மேன்; சாயங்காலமே கிளம்பிவிட்டார்.

அவர் தலை மறைந்ததும் அமலோற்பவம் இரண்டு காரியம் செய்தாள். மதாம் எதிரில் பொங்காமல் மானம் போய்விடக் கூடாதே என்று, ஒவ்வொரு பாட்டிலையும் திறந்து இன்னும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை போட்டாள். பிறகு கடையிலிருந்து கொண்டுவந்த விலைச் சீட்டை ஒவ்வொரு கம்பிப் பூட்டின் மேலும் குறுக்கே ஒட்டினாள். யாராவது திறந்தால் கிழிந்துவிடும். நம்பிக்கை இல்லாமல் செய்யவில்லை, பழக்கதோஷம் என்றுதான் நினைத்துக்கொண்டாள். குடிகாரனோடு இருபது வருடம் வாழ்ந்தவளின் கைக்கு அப்படி ஒரு பழக்கம் உண்டு. இரண்டையும் அவரிடம் சொல்லவில்லை.

நிச்சயத்துக்கு ஐந்து நாள் இருந்தது. அன்றைக்கு அவளும் இனியாவும் அரை நாள் லீவு போட்டு, டெய்லரிடம் ரவிக்கை வாங்கிக்கொண்டு மத்தியானமே வீட்டுக்கு வந்தார்கள். சமையற்கட்டில் தேவதாஸ் நின்றிருந்தார். கையில் ஒரு பாட்டில், திறந்திருந்தது. தொட்டி மேல் ஒரு கிண்ணத்தில் நுரை. மேடையில் கிழிந்த சீட்டு ஒன்றும், பக்கத்தில் கோந்து டப்பாவும்.

"இன்னாங்க பண்றீங்க?"

அவர் திடுக்கிட்டுத் திரும்பினார். "ஒண்ணும் இல்ல அமலு. கேஸ் எறக்கினேன். எல்லாத்துலயும் சர்க்கர ஜாஸ்தியா இருக்குது."

சர்க்கரை என்ற சொல் அவளைச் சுருக்கென்று குத்தியது. தன் களவு பிடிபட்ட கோபமும் சேர்ந்துகொண்டது. மற்ற பாட்டில்களை இழுத்துப் பார்த்தாள். எல்லாவற்றிலும் ஒயின் ஒரு விரற்கடை இறங்கியிருந்தது. எல்லாச் சீட்டும் கோந்து போட்டு மறுபடி ஒட்டப்பட்டிருந்தன. அவர் சட்டை, கை, தோள் துண்டு எல்லாவற்றிலும் புளித்த ஆப்பிள் வாடை.

"குடிச்சியா?"

அவள் அவரை 'நீ' என்று கேட்பது பழைய நாட்களில்தான், அவர் விழுந்து கிடக்கும்போது.

"சத்தியமா இல்ல அமலு. பன்னெண்டு நாளா தெனமும் கொஞ்சம் கொஞ்சமா எறக்கறேன். வுட்டா வெடிச்சிடும்."

"அப்ப ஏன் சொல்லல? ஏன் ஒட்டி ஒட்டி வச்ச?"

தேவதாஸ் கீழே பார்த்தார். "நீதான் சீட்டு ஒட்டியிருந்தியே. தொறந்தேன்னு சொன்னா நம்புவியா?"

இனியாவின் கண் நிறைந்துவிட்டது. "அஞ்சு நாள் பொறுக்க முடியலியாப்பா?" என்று மட்டும் கேட்டாள்.

அவர் மகளைப் பார்த்தார், பெண்டாட்டியைப் பார்த்தார். பிறகு வழக்கம் போல அவள் முகத்துக்கு நேரே குனிந்து வாயைத் திறந்தார். "ஊதறேன். பாரு."

அமலோற்பவம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பத்து பாட்டிலையும் அறையில் இருந்த இரும்பு பீரோவுக்குள் தூக்கி வைத்தாள். அவர் பின்னாலேயே வந்தார். "பூட்டாத அமலு. ஃப்ரிட்ஜ்லயாவது வை. மே மாசம், தகரக் கூரை. சொன்னா கேளு." அவள் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். அவர் சட்டையை மாற்றிக்கொண்டு மூன்று மணிக்கே வேலைக்குக் கிளம்பிவிட்டார்.

மறுநாள், புதன்கிழமை காலை, அவர் வரவில்லை. வாடை அடிக்கும், எப்படி வருவார் என்று அவள் நினைத்தாள். வியாழக்கிழமை காலையும் வரவில்லை. எட்டரை மணிக்கு அவள் வேலைக்குக் கிளம்ப ஜடை பின்னிக்கொண்டிருந்தபோது பீரோவுக்குள் 'டமார்' என்றது. பீரோ கதவில் பதித்திருந்த முகக்கண்ணாடி விரிசல் விட்டது. அடுத்து இரண்டு, மூன்று. பக்கத்து வீட்டுக்காரர்கள் சிலிண்டர் என்று நினைத்துத் தெருவுக்கு ஓடினார்கள்.

சத்தம் அடங்கி வெகுநேரம் கழித்துத்தான் திறந்தாள். ஏழு பாட்டில் போய்விட்டது. நிச்சயப் புடவை சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. இரும்புக் கதவின் உட்பக்கம் அவள் முகம் இருக்கும் உயரத்தில் பாட்டில் சில்லுகள் கீறியிருந்தன. இந்த பாட்டில்கள் பன்னிரண்டு நாள் சமையற்கட்டு அலமாரியில் இருந்தன. காலையிலும் மாலையிலும் அவள் அவற்றுக்கு எதிரில்தான் நின்று சமைத்தாள். அறையிலிருந்து எட்டிப் பார்த்தால், அந்த அலமாரிக்குக் கீழே ஒரு சாக்கும், மடித்து வைத்த கித்தான் கையுறையும் கிடந்தன. பாட்டிலைச் சாக்கில் சுற்றி வைத்துக்கொண்டு, புருவத் தழும்போடு முகத்தைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, அவர் தினமும் திறந்திருக்கிறார். அப்படியே ஈரத்தில் உட்கார்ந்து அழுதாள்.

பாதிப் பின்னிய ஜடையோடு ஆட்டோ பிடித்துத் தவளக்குப்பம் போனாள். கோடவுன் வாசலில் பகல் வாட்ச்மேன் கொளஞ்சி இருந்தான்.

"அண்ணனா? ரெண்டு நாளா வூட்டுக்கே போவல அக்கா. இங்கியே சாக்கு மேல படுத்துக்கினு இருந்தாரு. நான் வாங்கியாந்த டீ மட்டும்தான் குடிச்சாரு. போங்கண்ணான்னா, அவளே கூப்புடட்டும்டான்றாரு."

"இப்ப எங்க?"

கொளஞ்சி தலையைச் சொறிந்தான். "இன்னிக்கி காலைலதான் அக்கா... ஒரு மணி நேரம் இருக்கும். அந்த முக்குல இருக்கற கடைக்கு."

ஒரு மணி நேரம். நேற்று ஒரு போன் போட்டிருந்தால் போதும். போன் அவள் கையிலேயேதான் இருந்தது.

சாராயக்கடையின் ஓரத்தில், வெயிலில், கல் மேல் உட்கார்ந்திருந்தார். கால்மாட்டில் காலி டம்ளர். அவளையும் அவிழ்ந்து கிடந்த ஜடையையும் பார்த்ததும் தடுமாறி எழுந்தார்.

"வெடிச்சிதா?" என்றார். "ஒனக்கு ஒண்ணும் படலியே? புள்ளைக்கு?"

இல்லை என்று தலையை ஆட்டினாள். அவர் அவள் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், எங்காவது கீறல் இருக்கிறதா என்று.

"சர்க்கர நான்தாங்க போட்டேன். பாட்டிலுக்கு ரெண்டு ஸ்பூன் கூட."

"தெரியும். நல்லா பொங்கணும்னுதான போட்ட?" என்றார்.

ஆட்டோவில் வரும் வழியெல்லாம் அவர் வெளிப்பக்கமாகவே முகத்தை வைத்துக்கொண்டார். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றினார். பழக்கம், கால் தானாக நின்றது. அவள் பக்கம் குனிந்தார், வாயும் பாதி திறந்துவிட்டது. பிறகுதான் நினைவு வந்தது. உள்ளங்கையால் வாயைப் பொத்திக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பி நின்றார்.

"உள்ள வாங்க" என்றாள் அமலோற்பவம். "பரவால்ல, உள்ள வாங்க." அவர் அசையவில்லை. இனியா வந்து கையைப் பிடித்து இழுத்த பிறகுதான் உள்ளே வந்தார்.

நிச்சயம் நல்லபடியாக நடந்தது. மதாம் செலினே ஒரு சாம்பெயின் பாட்டில் கொண்டுவந்திருந்தாள். மூடி தெறித்த சத்தத்துக்கு எல்லோரும் கைதட்டினார்கள். பின்வரிசை நாற்காலியில் இருந்த தேவதாஸ் மட்டும் பதறி எழுந்து, அமலோற்பவத்தின் முகத்தைத் தேடினார்.

அதற்கப்புறம் இரண்டு வருடம் இருந்தார். குடிப்பதும் விடுவதுமாகப் போனது. குடிக்காத நாட்களும் நிறைய உண்டு. அந்த நாட்களில் அமலோற்பவம் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்து, முகத்தை நீட்டிக்கொண்டு நிற்பாள். அவர் வாயை இறுக்கி மூடிக்கொண்டு, ஒதுங்கி, அவளைத் தாண்டி உள்ளே போய்விடுவார். ஒரு நாள்கூட ஊதிக் காட்டவில்லை.