எட்டு இரவுக்கு ஊர்க்காரன்

திருவனந்தபுரத்தில், பழவங்காடிப் பிள்ளையார் கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு பூக்கடையில் மாலை கட்டுகிறேன். இத்தனை வருடமாகியும் ஒன்று மட்டும் எனக்குப் பழகவில்லை: இந்த நகரத்துக்காரர்கள் கும்பிடுகிற வேகம். காலையில் ஆபீஸுக்குப் போகிறவர் பைக்கை ஓரமாகச் சாய்ப்பார். செருப்பை உதறிவிட்டு, ஹெல்மெட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு, ஒரு தேங்காய் வாங்கி ஓங்கி அடிப்பார். தேங்காய்ச் சில்லுகள் தரையில் உருண்டு அடங்குவதற்குள் வண்டி கிழக்கேகோட்டை சிக்னலைத் தாண்டியிருக்கும். தினமும் அருகம்புல் மாலை வாங்குகிற ஓர் அம்மையாரிடம் ஒருநாள் வாய் சும்மா இராமல், "சாமி முகத்தப் பாக்கக்கூட நேரமில்லியா சேச்சி?" என்று கேட்டுவிட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "கணபதிக்கு அறியாமல்லோ, ஆபீஸில் பஞ்சிங் உண்டு" என்றார். வந்ததும் போனதும் பதிவாக விரல் வைக்கிற இயந்திரத்தைச் சொன்னார். பிள்ளையாருக்குத் தெரியுமாம். போகிற போக்கில் மனிதர்கள் இப்படிச் சொல்லிவிட்டுப் போவதைச் சேர்த்து வைப்பதுதான் எனக்குச் சொத்து. பள்ளிக்கூடத்தில் நான் சேர்த்தது கொஞ்சம்.

எங்கள் ஊர் அம்மனுக்குப் பஞ்சிங் தெரியாது. ஆரல்வாய்மொழிக்குப் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. கொடை விழாவுக்கு எட்டு நாள் முன்னால், செவ்வாய்க்கிழமையன்று, கோயில் வாசலில் கால்நாட்டு நடக்கும். வேப்பிலை கட்டிய கம்பைக் குழியில் நட்டு மண்ணைத் தள்ளி மிதிப்பார்கள். அந்த நேரத்தில் ஊருக்குள் யார் யார் நிற்கிறார்களோ, அவர்கள் கொடை முடியும்வரை வெளியூரில் இராத் தங்கக்கூடாது. பகலில் எங்கே வேண்டுமானாலும் போகலாம். ராத்திரி படுக்கை ஊர் எல்லைக்குள் இருக்க வேண்டும். அதனால் வெளியூரில் பிழைக்கிற எங்களைப் போன்றவர்கள் கால்நாட்டு நாளில் ஊர்ப் பக்கமே தலை காட்டமாட்டோம். கோயில் வரியைப் போனிலேயே அனுப்பிவிட்டு, கொடையன்று மத்தியானம் இறங்கி, சாப்பிட்டு, கும்பிட்டு, மறுநாள் காலை ரயிலேறிவிடுவோம். விடிந்தால் அடைந்தால் அடுத்தவர் சாமிகளுக்கெல்லாம் மாலை கட்டுகிற நான், எங்கள் அம்மனுக்கு என்று கொடுத்தது அந்த ஒரு மத்தியானம்தான்.

இந்த வருடம் ரேஷன் கார்டு என்னை மாட்டிவிட்டது. குடும்பத்தில் எல்லோரும் நேரில் வந்து கைரேகை வைக்க வேண்டும் என்று ஊர் ரேஷன் கடையில் சொன்னார்களாம். மனைவியும் பிள்ளையும் முன்னமே வந்து வைத்துவிட்டார்கள், பாக்கி நான்தான். மாதக் கணக்கைத் தமிழில் பார்க்காத புத்தியால், நான் போன நாள் கால்நாட்டுச் செவ்வாய் என்று எனக்கு உறைக்கவில்லை. ரேகை வைத்துவிட்டு வெளியே வந்தால் கோயில் பக்கம் மேளம். எட்டிப் பார்க்கலாம் என்று போனேன். அக்காவின் வீட்டுக்காரர், செல்லத்துரை அத்தான், குழிக்குள் கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றவர் என்னைப் பார்த்ததும், "மாப்ளே, கம்பு சாயுது. நீயும் ஒரு கை பிடி" என்றார். பிடித்தேன். மண் விழுந்தது, குலவை எழும்பியது. கையைத் தட்டிக்கொண்டு, "சரித்தான், மூணு மணி வண்டிக்குக் கிளம்புதேன்" என்றேன். சுற்றி நின்றவர்கள் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. "எங்க கிளம்புதீரு? கம்ப நட்டதே நீருதான வே" என்றார் ஒருவர்.

கடை முதலாளி ஓமனச் சேச்சிக்குப் போன் செய்தேன். நல்ல மனுஷி, ஆனால் விடியற்காலை விஷயத்தில் இரும்பு. கோயில்களுக்கும் கடைகளுக்கும் போகிற மாலைகள் எல்லாம் வெயில் ஏறுவதற்குள் கைமாறிவிட வேண்டும். "சேச்சி, எட்டு நாளைக்கு ராத்திரி ஊர்லதான் படுக்கணும். காலைல வர நேரமாகும்" என்றேன். சேச்சி குரலைத் தாழ்த்தி, "ஆரா மரிச்சது முத்தே?" என்றார். இங்கே சாவு விழுந்த வீட்டார் தீட்டு கழியும்வரை கோயில் பூவைத் தொடமாட்டார்கள். எட்டு நாள் என்றதும் அப்படி நினைத்துக்கொண்டார். "பூவு தொடண்டா. எல்லாம் கழிஞ்ஞு சமாதானமாயிட்டு வந்நால் மதி" என்று ஆறுதல் சொல்லத் தொடங்கிவிட்டார்.

"யாரும் சாகல சேச்சி. கோயில் கொடை. உத்சவம்."

"உத்சவத்தினு நீ உறங்கான் போகுந்நோ? ஞங்ஙள் உத்சவத்தினு உறங்காறேயில்லல்லோ."

திருவிழா என்றால் இங்கே விடிய விடியச் செண்டைமேளம், கதகளி. எங்கள் அம்மன் தூங்கச் சொல்கிறாள் என்பதை அவருக்குப் புரியவைக்க எனக்குத் தெரிந்த மலையாளம் போதவில்லை.

மறுநாள் பாசஞ்சர் ரயிலில் போய் இறங்கும்போது வெயில் சுட்டது. கடையில் என்னுடைய ஸ்டூலில் நெய்யாற்றின்கரையிலிருந்து வந்த பிஜு உட்கார்ந்து துளசி மாலை கட்டிக்கொண்டிருந்தான். எங்கள் தொழிலில் முன்வரிசை ஸ்டூல் என்பது சின்ன விஷயமில்லை. வாடிக்கையாளர் முகம் பார்த்து வாங்குவது அங்கேதான்; ஒருவர் எழுந்த இடத்தில் இன்னொருவர் பழகிவிட்டால் அவ்வளவுதான். சேச்சி திட்டவில்லை. "ரண்டு திவசம் ஞான் நோக்காம் முத்தே. பின்னெ அவன் தன்னே இரிக்கட்டே" என்றார். இரண்டு நாள் பார்ப்பாராம், அப்புறம் ஸ்டூல் பிஜுவுக்குத்தான். மனைவி முத்துச்செல்வி, நாங்கள் குடியிருக்கிற கரமனை வீட்டிலிருந்து போனில் இன்னும் தெளிவாகச் சொன்னாள்: "கம்பப் பிடிச்ச கையால ஸ்டூலையும் பிடிச்சுக்கிடும். ரெண்டுல ஒண்ணு போச்சுன்னா வீட்டுக்கு வராதேயும். உம்ம குறட்டை இல்லாம நானும் பிள்ளையும் நல்லா உறங்குதோம், அம்மனுக்கு என் பேர்ல ஒரு தேங்கா ஒடைச்சிரும்."

பேசாமல் திருவனந்தபுரத்திலேயே படுத்துவிட்டால் யார் பார்க்கப்போகிறார்கள் என்று நினைக்காமலில்லை. பயம் என்று சொன்னால் அது முழு உண்மை ஆகாது. மற்ற வருடங்களில் விருந்தாளிபோல வந்துபோனவன், இந்த ஒருமுறைதான் கையில் மண்ணோடு நின்றேன். அதைக் கழுவிவிட்டு ஓட மனம் வரவில்லை. சாயங்காலம் ரயிலேறி ஊருக்குப் போனேன்.

கோயில் முன்னால் என் வழக்கு விசாரணைக்கு வந்தது. எங்கள் ஊருக்குப் பக்கத்துத் தோவாளைப் பூச்சந்தையிலிருந்து விடிவதற்கு வெகுமுன்னே பூவண்டி ஒன்று கிளம்பும். எங்கள் கடைக்குப் பூ வருவதும் அதில்தான். அதில் ஏறிவிட்டால் நேரத்துக்குப் போய்விடலாம். ஆனால் ராத்திரி பாதியில் கிளம்பினால் அது இராத் தங்கியதாகுமா? இதுதான் கேள்வி. ஆகாது, சேவல் கூவ வேண்டும் என்றார் ஊர்த்தலைவர். "அப்பம் நாகர்கோவில் ஆஸ்பத்திரில நைட் டூட்டி பாக்காளே நம்ம நர்ஸ் பிள்ளை, அவ கணக்கு என்ன?" என்று கேட்டார் அத்தான். "அவ அங்க உறங்கலியே. முழிச்சுத்தான கெடக்கா. வெளியூர்ல கண்ணசந்தாத்தான் குத்தம்" என்றார் தலைவர். "எங்க, அந்த ஆஸ்பத்திரில கண்ணசராத நர்ஸு யாரு?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். சிரிப்பு அடங்க நேரமானது. கடைசியில் பூசாரி, எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "எல்லைக்குள்ள பாயப் போட்டு ஒரு உறக்கம் உறங்கி எந்திச்சாப் போதும். மணி பாத்து எண்ணதுக்கு அம்மன் என்ன பஸ்ஸா பிடிக்கணும்?"

அன்றிலிருந்து நான் பூவண்டிப் பயணி. ஓட்டுநர் ஷாஜி பாலராமபுரத்துக்காரன், வேதக்காரன், அதாவது கிறிஸ்தவன். என் கதையைக் கேட்டு அவன் ஆச்சரியப்படவில்லை. "எனிக்கும் உண்டு சேட்டா இது. ஞாயறாழ்ச்ச பூவிறக்கிட்டு பள்ளியில் எத்தும்போள் பிரசங்கம் கழிஞ்ஞிருக்கும்" என்றான். அவன் மாதாகோயில் போய்ச் சேர்வதற்குள் பிரசங்கம் முடிந்திருக்குமாம். கொஞ்சம் யோசித்து, "அது ஒரு பாக்கியம்" என்று சேர்த்துக்கொண்டான்.

சும்மா உட்கார்ந்துவர எனக்குக் கை அரித்தது. பின்னால் சாக்கை அவிழ்த்து, பூவையும் வாழைநாரையும் மடியில் போட்டுக்கொண்டு கட்டத் தொடங்கினேன். வெளிச்சம் தேவையில்லை, அரளி எது, துளசி எது என்று விரலுக்குத் தெரியும். மார்த்தாண்டம் பக்கத்துப் பள்ளங்களுக்குத்தான் என் விரல்களைத் தெரியவில்லை. முதல் மாலையை நீட்டியபோது ஓமனச் சேச்சி தூக்கிப் பிடித்துப் பார்த்து, "இது மாலயோ பாம்போ?" என்றார். ஆனால் மூன்றாம் நாள், மற்றக் கடைகளில் பூவைக் கொட்டிப் பிரித்துக்கொண்டிருந்த நேரத்தில், எங்கள் கடையில் கட்டி முடித்த மாலைகள் தொங்கின. சேச்சி சாயாக்கடைப் பக்கம் கை காட்டினார். எனக்கு மட்டும் ஒரு சாயா கூடுதலாக வந்தது.

கொடையன்று மத்தியானம் வழக்கம்போல முதல் பந்தியில் உட்காரப் போனேன். அத்தான் தோளைப் பிடித்து எழுப்பிவிட்டார். "முதல் பந்தி விருந்தாளிக்கு மாப்ளே. நீ போயி சாம்பார் வாளிய எடு." கடைசிப் பந்திவரை ஓடி ஓடிப் பரிமாறினேன். நான் சாப்பிடும்போது பாயசம் தீர்ந்திருந்தது. இத்தனை கொடைகளில் அன்றுபோல் எனக்கு வயிறு நிறைந்ததில்லை.

கொடை முடிந்து கடைக்குத் திரும்பினால், என் ஸ்டூலில் அப்போதும் பிஜுதான் இருந்தான். சேச்சி கல்லாவிலிருந்து தலை நிமிராமல், "ஸ்டூள் அவனிருந்நோட்டே. வண்டி நினக்கு. ஆழ்ச்சயில் மூந்நு திவசம் நீ தோவாளையில் போய்ப் பூவெடுத்து கெட்டிக்கொண்டு வா" என்றார். அப்படியானால் வாரத்தில் மூன்று இரவு ஊரில் படுக்கை. அம்மன் கேட்டது எட்டே எட்டு. "அம்மைக்கு லாபம்" என்றேன். "அவள்க்கு மாத்திரமல்ல" என்றார் சேச்சி.

முத்துச்செல்விக்கு இந்த ஏற்பாடு பிடித்துவிட்டது. குறட்டைதான் காரணம் என்கிறாள். ஊரில் என்னைத் திருவனந்தபுரத்துக்காரன் என்கிறார்கள், பழவங்காடியில் தமிழன் என்கிறார்கள். இரண்டுக்கும் திரும்பிப் பார்க்கிறேன். களியக்காவிளைச் சோதனைச்சாவடியில் ஷாஜி வேகத்தைக் குறைக்கும்போதும் என் கை நிற்பதில்லை. மாலையின் ஒரு நுனி தமிழ்நாட்டில் தொடங்கியது, மறு நுனி கேரளத்தில் முடியும். விடிந்ததும் அது பிள்ளையார் கழுத்தில் ஏறும். எந்த முடிச்சைப் போடும்போது எல்லையைத் தாண்டினேன் என்று கேட்டால், கட்டிய எனக்கே காட்டத் தெரியாது.