கைராசிக்குக் கிடைத்த கப்பல் அறை

கப்பலில் நமக்கு ஓர் அறை இலவசம் என்று என் கணவர் வந்து சொன்னபோது நான் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். யார் தருகிறார்கள் என்று கேட்டேன். முதலாளி என்றார். முதலாளிக்கு யார் தருகிறார்கள் என்று கேட்டேன். கழற்றிய செருப்பை மறுபடி நேராக வைத்துவிட்டு, "கேசினோ" என்றார். நான் கத்தியைக் கீழே வைத்துவிட்டேன்.

அபுதாபியை அடுத்த முசஃபாவில் லாரிகளுக்கு உதிரிபாகம் விற்கும் கம்பெனியில் அவர் ஸ்டோர் பொறுப்பாளர். முதலாளி பம்பாய்க்காரர். குளிர்காலம் வந்தால் துபாயிலிருந்து புறப்படும் சொகுசுக் கப்பலில் ஏறிவிடுவார். கடல் பார்க்க இல்லை. கப்பல் கரையை விட்டு நடுக்கடலுக்குப் போனதும் உள்ளே கேசினோவைத் திறப்பார்கள், மறுபடி துறைமுகம் நெருங்கியதும் மூடுவார்கள். அங்கே நிறைய ஆடுகிறவருக்குக் கப்பல்காரர்கள் மனம் குளிர்ந்து அடுத்த பயணத்துக்கு அறையும் சாப்பாடும் இலவசமாகத் தருவார்கள். எங்கள் முதலாளி ஆடிய ஆட்டத்துக்கு இரண்டு அறை கிடைத்திருந்தது. ஒன்றில் அவர், இன்னொன்றில் மகளோடு நாங்கள் மூவர். துறைமுக வரியும் டிப்ஸும் மட்டும் நாங்கள் கட்டினால் போதும்.

வேறு வீடாக இருந்தால் துள்ளிக் குதித்திருப்பார்கள். என் கணவர் ரம்மி ஆடிக் கெட்டவர். ருவைஸ் என்ற ஊரில் தனியாக, கம்பெனி ரூமில் இருந்த காலத்தில் போனில் தொடங்கியது. டூட்டி முடிந்து எல்லாரும் ஊருக்குப் பேச, இவர் சீட்டு அடுக்கினார். நானும் மகளும் விசா கிடைத்து வந்து சேர்ந்த பிறகும் விடவில்லை. என் நகைகள் போயின. மதுரைக்கு வெளியே வீடு கட்ட வாங்கியிருந்த மனை போனது. அதைக்கூட என் தம்பி சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அன்று காலை கத்தித் தீர்த்தேன், அழுது தீர்த்தேன். கடைசியில் அவர் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துப்போய், தூங்கிக்கொண்டிருந்த மகளின் தலையில் அவர் கையை வைத்தேன். "பிள்ளை தலையில கை வச்சுச் சொல்லுங்க. இனிமே சூதாட மாட்டேன்னு சொல்லுங்க" என்றேன். சொன்னார். அதற்குப் பிறகு அவர் ஆடவில்லை. எங்கள் வீடு அந்த ஒரு சத்தியத்தில்தான் நின்றுகொண்டிருந்தது.

"வேண்டாம்னு சொல்லிரவா?" என்று அவர் என்னிடமே கேட்டார். புத்தியுள்ளவள் ஆமாம் என்றிருப்பாள். எனக்கு ஓசியில் கிடைப்பதை விட மனசு வரவில்லை. மகள் கப்பலின் படத்தைப் பார்த்துவிட்டு, மேல்தளத்து நீச்சல் குளத்தில் சுற்றிச் சுற்றி இறங்கும் சறுக்குமரத்தைப் பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லியிருந்தாள். முதலாளியின் முகத்தில் அடித்தாற்போல் மறுப்பதும் எப்படி? போகலாம் என்றேன்.

டிசம்பர் விடுமுறையில் ஏறினோம். அறையைத் திறந்தால் பால்கனி, வெள்ளைப் படுக்கை, மேசையில் ஒரு தட்டு நிறையப் பழம். கேசினோவின் அன்பளிப்பு என்று அட்டை வைத்திருந்தார்கள். மகள் ஆப்பிளைக் கையில் எடுத்தாள். அட்டையை எழுத்துக்கூட்டிப் படித்தாள். ஆப்பிளைத் திரும்பத் தட்டிலேயே வைத்துவிட்டாள்.

"சாப்பிடேன்டி."

"ஐ ஆம் நாட் ஹங்கிரி, மா."

கப்பலில் நெட்டுக்குத் தனிக் காசு. அதனால் போன் ஊமையாகிவிட்டது என்று முதலில் நிம்மதிப்பட்டேன். பிறகுதான் என் அறிவை நானே மெச்சிக்கொண்டேன். போனில் சீட்டாட வழியில்லை, சரி. சூதாட்டக்கூடம்தான் இரண்டு தளம் கீழே கதவில்லாமல் திறந்து கிடக்கிறது. சாப்பாட்டுக்கூடத்துக்குப் போகும் வழியே அதன் ஓரமாகத்தான். தரை விரிப்பின் நிறம் மாறும் இடத்திலிருந்து கேசினோ. அதற்குமேல் குழந்தைகள் கால் வைக்கக் கூடாது. இந்தப் பக்கம் நின்று யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

முதல் நாள் இரவுச் சாப்பாட்டில் விஷயம் வெளியே வந்தது. முதலாளி கோழியைக் கிழித்தபடி என் கணவரின் வலக்கையைப் பிடித்துத் தூக்கிக் காட்டினார். "பாபி, இஸ்கா ஹாத் லக்கி ஹை" என்றார், இவன் கை ராசியான கை என்று. கம்பெனி புதுக் கிளை திறந்தபோதெல்லாம் இவர் கையால்தான் தேங்காய் உடைக்கச் சொன்னாராம், முதல் பில்லை இவர் கையால்தான் போடச் சொன்னாராம், எல்லாக் கிளையும் ஓகோ என்று ஓடுகிறதாம். அந்தக் கைராசியை இந்தத் தடவை சூதாட்ட மேசையில் சோதித்துப் பார்க்கப்போகிறாராம். அறை எங்களுக்கில்லை, இந்தக் கைக்கு. நாங்கள் கையோடு ஒட்டிக்கொண்டு வந்தவர்கள்.

அறைக்கு வந்ததும் கேட்டேன், "இதுக்குத்தான் கூட்டியாந்தாரா? உங்களுக்குத் தெரியுமா?"

"சத்தியமாத் தெரியாது."

"அந்த வார்த்தைய இப்ப எடுக்காதீங்க."

மகள் போர்வைக்குள் சுருண்டு கிடந்தாள். "அம்மா, எனக்கு ஃபீவர் இருக்கா பாரு" என்றாள். நெற்றியில் கை வைத்தேன். சாதாரணமாகத்தான் இருந்தது. கப்பல் ஆட்டம் ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது என்று வாந்தி மாத்திரையில் பாதி கொடுத்தேன்.

அதிலிருந்து என் விடுமுறை அவருடைய கட்டை விரலைப் பார்ப்பதிலேயே கழிந்தது. ரம்மிக்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. போனில் சீட்டை இழுத்து இழுத்து அடுக்குவதால், போன் இல்லாதபோதும் கட்டை விரல் தானாக நகரும். அவருக்கு அது நின்றுபோயிருந்தது. கப்பலில் மறுபடி வந்தது. டீ குடிக்கும்போது மேசை விளிம்பில் விரல் மெல்ல இடம் வலம் போனது. நான் முறைத்தால் கையை மடியில் போட்டுக்கொள்வார். முதலாளி கூப்பிடும்போதெல்லாம் வயிறு சரியில்லை, குழந்தை தேடுகிறாள் என்று ஏதாவது சொல்லி நழுவினார். பிள்ளையைச் சொன்னதில் பொய்யில்லை. மகள் அவரை விட்டு நகரவே இல்லை. குழந்தைகளுக்கான விளையாட்டு அறை போரிங் என்றாள். அவ்வளவு ஆசைப்பட்ட சறுக்குமரத்தின் பக்கமே போகவில்லை. அவர் கழிவறைக்குப் போனால்கூட வெளியே நின்றாள். அப்பா செல்லம் முற்றிவிட்டது என்று எனக்கு எரிச்சல்தான் வந்தது.

தோஹாவில் கப்பல் நின்ற அன்று மட்டும் அவள் பழைய பிள்ளையாக இருந்தாள். கடைத்தெருவில் புறாக்களை விரட்டிக்கொண்டு ஓடினாள், ஐஸ்கிரீமைச் சட்டையில் வழியவிட்டாள், அப்பாவைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சாயங்காலம் கப்பலுக்குத் திரும்பியதும் எங்கள் அறையைச் சுத்தம் செய்பவரிடம், "அங்கிள், கேசினோ எப்போ ஓப்பன் ஆகும்?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். கப்பல் கிளம்பிக் கொஞ்ச நேரத்தில் என்றார் அவர். இந்த வயதில் உனக்கு எதற்கடி அந்த விசாரணை என்று தலையில் குட்டப் போனேன். இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டு பின்வாங்கினாள். குட்டுக்குப் பயந்தாள் என்றுதான் நினைத்தேன்.

மறுநாள் முழுக்கக் கடல். கரையே கிடையாது, காலையிலிருந்து கேசினோ திறந்திருந்தது. மதியச் சாப்பாடு முடிந்து எழுந்தபோது முதலாளி எங்கள் மேசைக்கே வந்துவிட்டார். கண் சிவந்திருந்தது. காலை முழுக்கத் தோற்றிருக்கிறார் என்பது முகத்திலேயே தெரிந்தது. "சலோ பாய், தஸ் மினிட். பஸ்" என்று, பத்து நிமிஷம் போதும் வா என்று, என் கணவரின் தோளில் கை போட்டார். அது கேள்வி மாதிரி இல்லை. என் கணவர் என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறந்தால் என்ன சொல்வது? என் புருஷன் சூதாடி எங்களைத் தெருவில் நிறுத்தப் பார்த்தவன் என்று சம்பளம் கொடுக்கிறவரிடம் சொல்வதா?

"சும்மா பக்கத்துல நின்னுட்டு வந்துர்றேன்" என்றார். போய்விட்டார்.

மகளைக் கூட்டிக்கொண்டு மேல்தளத்துக்குப் போகலாம் என்று திரும்பினேன். அவளைக் காணோம். ஐஸ்கிரீம் வரிசையில் பார்த்தேன், கழிவறையில் பார்த்தேன். சுற்றிலும் கடல். படியில் ஓடி இறங்கினேன். தரை விரிப்பு நிறம் மாறும் இடத்தில், கோட்டுக்கு இந்தப் பக்கம் அவள் நின்றிருந்தாள். இரண்டு கையையும் உச்சந்தலையில் கோத்து அழுத்திக்கொண்டு, கண்ணை இறுக மூடி நின்றிருந்தாள்.

உள்ளே ஒரு மேசையில் முதலாளி உட்கார்ந்திருந்தார். அவர் பின்னால் என் கணவர். முதலாளி பணத்துக்குப் பதிலாக வைத்து ஆடும் சிவப்பு வில்லை ஒன்றை எடுத்து இவர் உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கிவிட்டு, மேசையைக் காட்டினார். உன் கையால் வை என்கிறார் என்று புரிந்தது.

"என்னடி பண்ற இங்க?" என்று மகளின் தோளைப் பிடித்தேன்.

கண்ணைத் திறக்காமல் சொன்னாள். "அப்பா என் தலைமேல ப்ராமிஸ் பண்ணாருல்ல? அன்னைக்கு நான் தூங்கலம்மா. இப்ப விளையாண்டா எனக்குத்தான ஏதாவது ஆகும். அதான் மூடிக்கிட்டேன். கை வச்சு மூடிக்கிட்டா ஆகாதுல்ல?"

அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். நான் விழுந்தேன் என்று நினைத்தாரோ என்னவோ, என் கணவர் வில்லையோடு ஓடி வந்தார். மகள் கண்ணைத் திறந்து அவர் கையைத்தான் முதலில் பார்த்தாள்.

"அப்பா, யூ டச்ட் இட்" என்றாள். பிறகு என்னிடம் திரும்பி, மிகவும் மெதுவாகக் கேட்டாள். "எப்பம்மா ஆகும்?"

அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. நான் சொன்னேன். சொல்லச் சொல்ல அவர் முகம் செத்துப்போனது. "இல்லடா கண்ணு, அப்பா ஆடலை. அவர் குடுத்தாரு, வாங்குனேன், அவ்வளவுதான்" என்றார். அவள் தலையிலிருந்து கையை எடுக்கவில்லை. அதெல்லாம் பெரியவர்கள் சும்மா சொல்வது என்றேன் நான்.

"சும்மாவா? அப்ப அன்னைக்கு ஏன் அழுத?"

அவளே யோசித்துக் கேட்டாள். "கான்சல் பண்ண முடியாதாம்மா? விசா கான்சல் பண்றாங்கள்ல, அந்த மாதிரி?" இங்கே வளரும் பிள்ளைகளுக்கு அந்தச் சொல் நன்றாகத் தெரியும். வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்தவள் திடீரென்று வராமல் போனால், விசா கான்சல் ஆகி ஊருக்குப் போய்விட்டாள் என்பார்கள். "யார் போட்டாங்களோ அவங்கதான் கான்சல் பண்ணணும். நீதானம்மா போட்ட?"

நான்தான் போட்டேன். கான்சல் செய்தால் அந்த மனிதரைக் கட்டி வைத்திருந்த ஒரே கயிறும் போய்விடும். அதுவும் இந்த இடத்தில், கையில் வில்லையோடு நிற்கும்போது. உள்ளேயிருந்து முதலாளி, "அரே, ஆ ஜா பாய்!" என்று கூப்பிட்டுக் கத்தினார். என் கணவர் கையைப் பார்த்தேன். கட்டை விரல் வில்லையின் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தது. அது அவருக்கே தெரிந்திருக்காது.

மகளைப் பார்த்தேன். அவள் விரல்கள் அழுத்தி அழுத்தி வெளுத்துப்போயிருந்தன.

"கான்சல்" என்றேன்.

"அப்பா கை வச்சாருல்ல. இப்ப எடுக்கணும்."

அவர் வில்லையை இடக்கைக்கு மாற்றிக்கொண்டு, வலக்கையை அவள் கைகளின் மேல் வைத்தார். எடுத்தார். இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு அவள் கைகளை இறக்கினாள். "நவ் ஐ கேன் கோ டு த ஸ்லைடு?" என்றாள்.

அவர் திரும்பி உள்ளே போனார். மகள் என்னை மாடிப்படி பக்கம் இழுத்தாள். நான் நகரவில்லை. அவர் மேசையருகே குனிந்து ஏதோ சொன்னார். முதலாளி சிரித்தார். இவர் மறுபடி ஏதோ சொன்னார். சிரிப்பு நின்றது. நின்றுகொண்டிருந்த ஆள் ஒருவர் நடுவில் வந்து மறைத்துக்கொண்டார். நான் எட்டிப் பார்த்தேன். என் கணவர் வெறுங்கையோடு வந்துகொண்டிருந்தார்.

அன்று இரவு முதலாளி வேறு மேசையில் சாப்பிட்டார். அடுத்துத் திறந்த கிளைக்கு வேறு யாரோ தேங்காய் உடைத்தார்கள். அதெல்லாம் பிறகு.

அந்தப் பிற்பகலில் அவள் சறுக்குமரத்தில் ஏறினாள், இறங்கினாள், மறுபடி ஏறினாள். ஒவ்வொரு முறையும் தலைகுப்புறத் தண்ணீரில் விழுந்து, இருமிக்கொண்டே சிரித்தாள். எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. நாங்கள் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தோம். பிறகு அவர் கேட்டார்.

"இனிமே எத வச்சு என்னய நம்புவ?"

"தெரியலங்க" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். எழுந்து போய் மகளுக்குத் துண்டு எடுத்து வந்தார். நான் அவர் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இன்றைக்கும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.